பெடலைக் குனிந்து பார்ப்பது குற்றமா?

தோ பாயோ மாணவி (சனி, இரவு 10.12)
ஆர்கனில் காலால் மிதித்து வாசிக்கும் கட்டைவரிசையான பெடலைப் பற்றியும், இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங்கைப் பற்றியும் சென்ற வாரம் 'மூன்றாம் வரி' ஐயா இங்கே எழுதிய ஒரு வாக்கியம் இன்னும் என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது: "குனிந்து பெடலைப் பார்க்கிறவருக்கு ஆர்கனில் சைட் ரீடிங் ஒரு நாளும் வராது." ஒரு நாளுமா? பியானோவில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டு ஆர்கனுக்கு வந்தவள் நான். இரண்டு வரிகளுக்குப் பழகிய கண்ணுக்குமுன் மூன்றாவதாக ஒரு வரி வந்து நிற்கிறது, அதை வாசிக்க வேண்டியதோ கால். பதினான்கு மாதங்களாக, வாரத்தில் மூன்று மாலை, வேலை முடிந்ததும் தேவாலயத்துக்குப் போய்ப் பயில்கிறேன். பேஸ் என்னும் அடிக்குரல் வரியில் பெரிய தாவல் வந்தால் ஒரு கணம் குனிகிறேன். தவறான கட்டையை மிதித்துச் சபையைத் தடுமாற வைப்பதைவிட அது மேல். ஒரு கணம்தான். இது குற்றமா?

மூன்றாம் வரி (10.40)
குற்றம்தான். சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். கண் எப்போதும் கையைவிட ஒரு தாளக்கட்டு முன்னால் ஓட வேண்டும். குனிந்த கணத்தில் அந்த ஓட்டம் அறுகிறது. நிமிரும்போது மூன்று வரிகளில் எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். அதற்குள் சபை அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருக்கும்.

பெடலில் உயர்ந்த கட்டைகள், பியானோவின் கறுப்புக் கட்டைகள்போல, இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கின்றன. கூட்டங்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருக்கிறது. வலது நுனிக்காலை அந்த இடைவெளியில் விட்டு, வலப்பக்கத்து உயர்ந்த கட்டையை உரசி நிறுத்தினால் காலடியில் இருப்பது எஃப் அல்லது சி. இடது காலை இடப்பக்கத்துக் கட்டையில் உரசினால் ஈ அல்லது பி. அங்கிருந்து எண்ணிப் போகலாம். கண்ணுக்கு இதில் என்ன வேலை? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறுதோறும் அந்தப் பலகையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

தெம்பனிஸ் வாசி (10.58)
ஒரு சந்தேகம். சைட் ரீடிங் என்று எதைச் சொல்கிறீர்கள்? முன்பின் பாராத தாளை முதல்முறை வாசிப்பதையா? அல்லது ஆண்டாண்டாக வாசிக்கும் பாமாலையைப் புத்தகம் பார்த்து வாசிப்பதையா? இரண்டும் வேறு அல்லவா?

குதிகால் (11.03)
மாணவி சொல்வது சரி. எல்லா ஆர்கனும் ஒன்றல்ல. ஒரு தேவாலயத்தில் பெடல் தட்டையாக இருக்கும், இன்னொன்றில் குழிந்து விசிறிபோல் விரிந்திருக்கும். உட்காரும் பலகையின் உயரம் மாறினாலே கால் ஏமாறும். ஏபிஆர்எஸ்எம் என்னும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வில் 150 மதிப்பெண்களில் 21 சைட் ரீடிங்குக்கு. தாளைக் கொடுத்து அரை நிமிடம் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த அரை நிமிடத்தில் பெடலைக் குனிந்து பார்த்தால் பாவமா?

மூன்றாம் வரி (11.10)
வாசிப்பதற்கு முன் பாருங்கள், யார் தடுத்தது? நான் வாசிக்கும்போது குனிவதைச் சொன்னேன். எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இதையும் கேளுங்கள். ஜெர்மனியின் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்ஹா பத்தொன்பது வயதில் பார்வையை முழுவதும் இழந்தார். பாஹின் ஆர்கன் படைப்புகளை ஒலிப்பதிவு செய்து உலகத்துக்குக் கொடுத்தார். அவர் எந்தப் பெடலைக் குனிந்து பார்த்தார்?

தோ பாயோ மாணவி (11.21)
ஐயா, வால்ஹா தாளையும் பார்க்கவில்லையே! பிறர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டு மனனம் செய்தவர் அவர். அது வியக்க வைக்கும் ஆற்றல், ஆனால் சைட் ரீடிங் அல்ல. மனனம் செய்த கால் தானாகப் போகும். முதல்முறை பார்க்கும் தாளுக்கு என் கால் எப்படிப் போகும்? உங்கள் சான்று எனக்குத்தான் துணை நிற்கிறது.

மூன்றாம் வரி (11.25)
பெடலைப் பார்க்காமல் வாசிக்க முடியும் என்பதற்குத்தான் அவரைச் சொன்னேன். முடியும் என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். கேள்வி பெடலைப் பற்றியது.

குதிகால் (11.31)
சிங்கப்பூர் எஸ்பிளனேடு அரங்கில் இருக்கும், ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கனுக்கு 4,740 குழல்கள், குழல் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் 61 ஸ்டாப்கள். அவ்வளவு பெரிய கருவியில் குழல் தள்ளி நின்றால் ஒலி சற்றுத் தாமதித்து வந்து சேரும். தவறான கட்டையை மிதித்தோம் என்று காது சொல்வதற்குள் அடுத்த சுரம் போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கணம் பார்த்து உறுதி செய்துகொள்வதுதான் அறிவு.

மூன்றாம் வரி (11.38)
அதே காரணத்தால்தான் கால் தானே அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்! காதும் உதவாது, கண்ணுக்கும் நேரமில்லை. மிஞ்சுவது கால் ஒன்றே.

மாணவிக்கு ஒன்று சொல்வேன். நான்கு குரல் பாமாலையை எடுத்து முதலில் பெடலை மட்டும் வாசியுங்கள். பிறகு பெடலோடு, பேஸுக்கு மேலுள்ள குரலான டெனாரை இடது கையில் சேருங்கள். பேஸ் வரியையே வாசித்துப் பழகிய இடது கை, பெடலோடு ஒட்டிக்கொண்டு ஓடப் பார்க்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் பாதி வேலை. இதில் ஒரு மாதம் இருங்கள். அதன் பிறகு வலது கை. பெடலின் மேல் துணி விரித்து மறைத்துப் பழகியவன் நான்.

ஹவ்காங் ஹார்மோனியம் (11.52)
நீங்கள் எல்லோரும் வெள்ளைக்காரன் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். கீர்த்தனைக்கு இது எதுவும் வேண்டாம். என் தந்தை 'டோ, ரே, மி' என்று எழுதும் சோல்ஃபா எழுத்தைப் பார்த்தே பாடகர் குழுவை நடத்தினார். குழைவும் கமகமும் ஐந்து கோட்டில் அடங்குமா? பாடுகிறவருக்குச் சுருதி எட்டவில்லை என்றால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

மூன்றாம் வரி (ஞாயிறு, 12.04)
பொத்தானைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். சுருதி மாற்றி வாசிப்பதைக் கையால் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். அந்தப் பொத்தான் வந்த பிறகுதான் எங்கள் சபையில் ஆர்கனுக்குப் போர்வை போர்த்தி மூலையில் வைத்தார்கள். பெடலே இல்லாத பெட்டியை வாசிக்கிறவர் பெடலைப் பற்றிய பேச்சில் ஏன் நுழைகிறீர்கள்?

ஹவ்காங் ஹார்மோனியம் (12.09)
உங்கள் ஆர்கனுக்குப் போர்வை போர்த்தியது பொத்தானா? உங்களோடு சேர்ந்து பாட ஆள் இல்லாமல் போனதா? இரண்டு முறை என் பதிவுகளில் வந்து "பெட்டிக்காரர்" என்று எழுதியவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

தெம்பனிஸ் வாசி (12.15)
முதல்முறை பார்க்கும் தாளா, பழகிய தாளா என்று கேட்டேன். யாராவது பதில் சொல்வீர்களா?

தோ பாயோ மாணவி (12.20)
ஐயா, இடது கையைப் பிரிக்கும் பயிற்சியைச் செய்வேன். அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் "ஒரு நாளும் வராது" என்ற சொல்லை நீங்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை. காலையில் ஆராதனைக்கு நான்தான் வாசிக்கிறேன். மூன்றாவது பாட்டு எனக்குப் புதியது, பேஸ் வரி ஓரிடத்தில் ஒரே தாவலாக எட்டுச் சுரம் இறங்குகிறது. அங்கே குனிவேன்.

மூன்றாம் வரி (12.26)
எட்டுச் சுரம் இறங்குவதற்கு முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பாதங்களை விரித்து அளந்தால் போதும். குனிய வேண்டியதில்லை. ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை.

ஹவ்காங்காரருக்கு: "பெட்டி" என்றுதான் எழுதினேன், "பெட்டிக்காரர்" என்று எழுதவில்லை. பதிவைத் தேடி எடுத்து இங்கே போடுங்கள்.

ஹவ்காங் ஹார்மோனியம் (12.31)
தேடிக்கொண்டிருக்கிறேன்.