புட்டுக் குழலில் முதலில் என்ன போடவேண்டும்?

குழு: சரோஜினி வீட்டார், டர்பன்

மேலே நிறுத்திய செய்தி (சரோ பெரியம்மா): இந்தக் குழுவில் தமிழில் எழுதுவோம். பிழை வந்தால் கவலை வேண்டாம், நான் திருத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை

ராஜன், மாலை 6.12
மீனாவுக்குக் குளிர்கால விடுமுறை தொடங்கிவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, வெளியே அனுப்ப முடியவில்லை. துப்பாக்கி இல்லாத, நடுநடுவே விளம்பரம் வராத வீடியோ விளையாட்டு ஏதாவது இருக்கிறதா? பிரியா, நீ இரவுப்பணி முடிந்து வந்து ஏதோ விளையாடுகிறாய் என்று அம்மா சொன்னார்.

தேவன் மாமா, 6.20
பதில் எனக்கும் வேண்டும். ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மாலைப்பொழுது மிக நீளமாக இருக்கிறது.

பிரியா, 6.41
சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள் அண்ணா. இரண்டு மாதமாக வரிசையாக விளையாடிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகள் வார்டில் இரவெல்லாம் ஏதாவது ஒரு கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஓடவேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் ஓடச் சொல்லக் கூடாது. ஆனால் மூளை சும்மா இருக்கவும் மறுக்கிறது. அதனால்தான் இந்தச் சிறிய புதிர் விளையாட்டுகள்.

மீனாவுக்கு முதலில் ‘அ லிட்டில் டு தி லெஃப்ட்’. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துத் தம்பதி ஒன்று உருவாக்கி 2022இல் வெளியிட்டது. வேலை எளிது: கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கு, பென்சில்களை அடுக்கு, கரண்டிகளை இழுப்பறையில் வை. ஆனால் எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயரப்படியா, நிறப்படியா, தேய்ந்த அளவுப்படியா? பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. எல்லாம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பூனையின் கை நீண்டு வந்து அத்தனையையும் கலைத்துவிடும். மீனா பூனைக்காகவே விளையாடுவாள்.

மீனா, 6.44
பூனையா? அத்தை, அதுவே வேண்டும்.

சரோ பெரியம்மா, 6.50
பிரியா, கரண்டி அடுக்குவது வீட்டுவேலை அல்லவா? அதைக் காசு கொடுத்து வாங்கித் திரையில் ஏன் செய்யவேண்டும்? கேலியாகக் கேட்கவில்லை கண்ணு, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பிரியா, 7.03
நல்ல கேள்வி பெரியம்மா. இதற்கு ‘அன்பேக்கிங்’ என்ற விளையாட்டைச் சொன்னால்தான் பதில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து 2021இல் வந்தது. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அந்தந்த இடத்தில் வைப்பதுதான் நம் வேலை. அவள் நம் கண்முன் வருவதே இல்லை. ஆனால் எந்தப் பொம்மையை எல்லா வீட்டுக்கும் எடுத்துச்செல்கிறாள், எதைத் தூக்கியெறிந்துவிட்டாள் என்று நம் கைக்குத் தெரிந்துவிடும்.

2010இல் ஓர் ஆணின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட அங்கே சுவரில் இடமே கிடையாது. வரவேற்பறையில் வைத்துப் பார்த்தேன், சமையலறையில் வைத்துப் பார்த்தேன், எங்குமே விளையாட்டு ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், ஏற்றுக்கொண்டது. அதிகாலை நான்கு மணி. அழுதுவிட்டேன் பெரியம்மா. அந்த ஆணைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சரோ பெரியம்மா, 7.09
என் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பதினோரு ஆண்டுகள் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் இருந்தது. உன் பெரியப்பா தவறான மனிதர் அல்லர். யாருக்கும் அதை மாட்டத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தோன்றவில்லை.

நிலன், 7.10
அம்மா, இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை.

சரோ பெரியம்மா, 7.11
நீ கேட்டதில்லை. பிரியா, மேலே சொல்.

மீனா, 7.15
அத்தை, என் வகுப்பில் எல்லாரும் ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாடுகிறார்கள். அது நல்லதா?

பிரியா, 7.22
நல்லது மீனா. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் ஓவியம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். அந்த உழைப்புக்கு என் வணக்கம். பயிரிடலாம், மீன் பிடிக்கலாம், ஊராருடன் பழகலாம். ஆனால் அது எனக்கு ஓய்வு தரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குள் படுக்காவிட்டால் நம் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். இரண்டு மணிக்கு விழித்திருப்பதுதான் என் பிழைப்பே! உனக்குப் பிடிக்கும், உனக்குப் பொழுது நிறைய இருக்கிறது.

தேவன் மாமா, 7.30
கடிகாரம் இல்லாதது ஒன்று எனக்குத் தெரியும். ‘டோர்ஃப்ரொமான்டிக்’. நிலன் என் கணினியில் போட்டுக்கொடுத்தான். பெர்லினில் நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்தார்களாம். அறுகோண ஓடுகளை ஒவ்வொன்றாக வைக்கவேண்டும்: காட்டுக்குப் பக்கத்தில் காடு, வயலுக்குப் பக்கத்தில் வயல், தண்டவாளத்துக்குத் தண்டவாளம். கையில் ஓடு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நான் வயலைத்தான் பெரிதாக்குவேன். டொங்காட்டில் கரும்பு நிற்பதுபோல அலையலையாக வரும்வரை விடமாட்டேன். அதையே பலகை விளையாட்டாகவும் செய்து, அது 2023இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது.

ராஜன், 7.32
மாமா, நீங்களுமா!

தேவன் மாமா, 7.33
ஏன், எனக்கு என்ன குறை?

நிலன், 7.48
நம் நாட்டில் உருவானதை யாரும் சொல்லவில்லையே. ‘டெர்ரா நில்’. இங்கே கேப் டவுனில் ஃப்ரீ லைவ்ஸ் என்ற நிறுவனம் செய்தது, 2023 மார்ச்சில் வந்தது. நகரம் கட்டும் விளையாட்டுகளைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் செத்த மண். காற்றாலை வைத்து, மண்ணின் நஞ்சை நீக்கி, நீர் பாய்ச்சிப் புல்லைக் கொண்டுவரவேண்டும். பிறகு சதுப்பு நிலம், காடு. எல்லாம் முடிந்ததும் நாம் வைத்த ஒவ்வோர் இயந்திரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியேறவேண்டும். ஒரு ஆணிகூட மிஞ்சக் கூடாது.

அதில் ஃபின்போஸ் வருகிறது! நான் ஞாயிறுதோறும் மலையேறும்போது காலில் உரசும் அதே புதர். காடு வளர முதலில் நாமே தீ மூட்டவேண்டும் என்று விளையாட்டு சொன்னபோது வெளியூர் நண்பன் ஒருவன் திகைத்துப்போனான். கேப் பகுதியில் வளர்ந்தவனுக்கு அது வியப்பே இல்லை. ஃபின்போஸில் பல செடிகளின் விதைகள் தீயும் புகையும் பட்ட பிறகுதான் முளைக்கும். இந்த மண்ணை அறிந்தவர்கள் செய்தது என்று அந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிட்டது.

சரோ பெரியம்மா, 7.52
நிலா, ‘ஓர் ஆணி’, ‘ஓர் இடம்’. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’. மற்றபடி நன்றாக எழுதியிருக்கிறாய்.

நிலன், 7.53
திருத்திக்கொள்கிறேன் அம்மா. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 2018இல் வந்த ‘செம்ப்ளன்ஸ்’ஸையும் சொல்லவேண்டும். களிமண்போல நெகிழும் தரையை இடித்து, அழுத்தி வழி உண்டாக்கும் புதிர். சிறியது, மீனாவுக்குக் கொஞ்சம் கடினம்.

பிரியா, 7.58
‘புளூ பிரின்ஸ்’ எப்படி இருக்கிறது? முடித்துவிட்டாயா?

நிலன், 8.05
இல்லை அக்கா. 45 அறைகள் கொண்ட மாளிகையில் 46ஆவது அறையைத் தேடவேண்டும். ஒவ்வொரு நாளும் அறைகள் இடம் மாறிவிடும். நோட்டுப்புத்தகத்தில் முப்பது பக்கம் குறிப்பு எழுதிவிட்டேன். அருமையான படைப்பு. ஆனால் நல்ல குறிப்பு கையில் இருந்தும், அன்று தேவையான அறை வராமல் போனால் மனம் சோர்ந்துவிடுகிறது. உங்கள் இரவுப்பணிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிரியா, 8.16
இப்போது எல்லாருக்கும் ஒரு கேள்வி. புட்டுக் குழலில் முதலில் என்ன போடவேண்டும்?

சரோ பெரியம்மா, 8.16
சில்லு.

தேவன் மாமா, 8.16
துளையுள்ள சில்லு. அது இல்லாவிட்டால் மாவெல்லாம் தண்ணீரில் விழுந்துவிடும்.

சரோ பெரியம்மா, 8.18
சில்லு, தேங்காய்த் துருவல், மாவு, மறுபடி தேங்காய். மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். எதற்குக் கேட்கிறாய்?

பிரியா, 8.29
நான் கடைசியாக வைத்திருந்தது இதுதான். ‘வெண்பா’ என்று ஒரு விளையாட்டு. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பு விருது பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் நோட்டு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. அழிந்த வரியை நாம் ஊகித்துச் சமைக்கவேண்டும். முதலில் இட்லி, பிறகு புட்டு, பிரியாணி என்று போகிறது. தவறினால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

புட்டில் நான் தவறிவிட்டேன். நீங்கள் இருவரும் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டீர்கள்.

சரோ பெரியம்மா, 8.35
விளையாட்டுக்கு வெண்பா என்று பெயரா? வெண்பாவே ஒரு புதிர்தான். தளை தட்டக் கூடாது, ஈற்றடியில் மூன்றே சீர், அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடியவேண்டும். பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியும்.

தேவன் மாமா, 8.37
அரிசிமாவுப் புட்டு அம்மாவோடு போயிற்று அக்கா. இப்போது டர்பனில் ‘புட்டு’ என்ற ஓசையைக் கேட்டால் பாதிப் பேருக்கு மக்காச்சோள மாவில் செய்யும் ஜூலு உணவு ‘உபுத்து’தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் உதிரி உதிரியாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும்.

ராஜன், 8.40
அந்தப் பிரியாணியில் முழு மசூர் பருப்பு இருக்கிறதா?

பிரியா, 8.41
இல்லை அண்ணா. பருப்பும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை.

ராஜன், 8.41
அப்படியானால் அது அவர்கள் வீட்டுப் பிரியாணி. நம்முடையது பருப்பில்லாமல் முழுமையாகாது.

பிரியா, 8.52
ஒன்று சொல்லவேண்டும், சொல்லாமல் தூக்கம் வராது. பிற்பகுதியில் கவின் வளர்ந்துவிடுகிறான். பாட்டியின் நோட்டைத் திறந்து அவனே சமைக்கிறான். அதிலுள்ள தமிழை அவனால் முழுதாக வாசிக்க முடியவில்லை. சில சொற்கள் தெரிகின்றன, சில தெரியவில்லை. அந்த இடத்தில் நான் கவினாக இருந்தேன் பெரியம்மா. உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வராமல் ஒளிந்துகொண்ட பிரியாவாக இருந்தேன். முப்பத்து நான்கு வயதில் இந்தக் குழுவில் இவ்வளவு எழுதுவதற்கே எனக்கு அகராதி தேவைப்படுகிறது.

சரோ பெரியம்மா, 8.55
குரல் செய்தி (1 நிமிடம் 40 நொடி)

பிரியா, 8.59
கேட்டேன் பெரியம்மா. நன்றி.

நிலன், 9.07
அம்மா, உங்களுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘சான்ட்ஸ் ஆஃப் சென்னார்’. பிரான்சின் துலூஸ் நகரத்தில் செய்தது, அதுவும் 2023. பெரிய கோபுரம், அடுக்கடுக்காக ஐந்து மக்கள் கூட்டங்கள், ஐந்து மொழிகள். நமக்கு ஒன்றும் தெரியாது. கதவின்மேல் ஒரு குறி, அதை ஒருவர் பேசும்போது மறுபடி அதே குறி. அவர் கையசைப்பதைப் பார்த்து ‘திற’ என்பதாக இருக்கலாம் என்று எழுதிவைக்கவேண்டும். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்திலுள்ள எல்லாக் குறிகளுக்கும் பொருள் பொருந்தினால்தான் சரி என்று உறுதியாகும். ஒரு மொழியில் சொல்லை இரட்டித்தால் பன்மை. இன்னொன்றில் வாக்கியத்தின் வரிசையே வேறு. காவலர்களிடம் ஒளிந்து ஓடும் பகுதிகள் மட்டும் எனக்குத் தேவையற்றவையாகப் பட்டன.

சரோ பெரியம்மா, 9.21
இதை நான் திரையில்லாமலே முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்த கதை உங்களுக்குத் தெரியும்: 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர். 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுத்தர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் குழந்தைகளிடம் அவர்களுடைய குடும்பப் பெயரையே கொடுத்து, இதற்குள் இருக்கும் தமிழைக் கண்டுபிடி என்பேன். மூட்லி என்பவன் முதலி. படயாச்சி என்பவன் படையாட்சி. மூன்சாமிக்குள் முனுசாமி இருக்கிறான் என்று கண்டுகொண்ட அன்று ஒரு பையன் தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொல்ல வெளியே ஓடினான்.

அந்தக் கோபுரத்தை எனக்குக் காட்டு நிலா. ஒளிந்து ஓடும் இடத்தை மீனா பார்த்துக்கொள்வாள்.

மீனா, 9.23
நான் நன்றாக ஒளிவேன் ஆயா.

தேவன் மாமா, 9.30
ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் அக்கா வீட்டில் கூடலாமா? அம்மாவின் பித்தளைப் புட்டுக் குழல் என்னிடம்தான் இருக்கிறது.
படம்

சரோ பெரியம்மா, 9.32
குழல் இருக்கிறது, சில்லு எங்கே?

தேவன் மாமா, 9.34
தேடுகிறேன்.

பிரியா, 9.36
ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். டிவியில் இணைக்கும் கம்பியும் கொண்டுவருகிறேன். நிலா, நீ அன்று வீடியோ அழைப்பில் வா, கோபுரத்தில் எங்களுக்கு வழி சொல்லவேண்டும்.

தேவன் மாமா, 10.14
சில்லு கிடைத்துவிட்டது. ஆணி டப்பாவுக்குள் இருந்தது.
படம்