பொருள்: 'தன் பிறபொருளெதிரி' சரியா? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கான துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன். கிருமி போன்ற பிறபொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடிக்குப் 'பிறபொருளெதிரி' என்றே இதுவரை எழுதி வந்தேன். இந்தப் பரிசோதனை தேடும் ஆன்டிபாடி குறிவைப்பதோ நம் உயிரணுவின் உட்கருவையே. 'தன் பிறபொருளெதிரி' என்றால் சொல்லே தன்னை மறுக்கிறதே?

தமிழாசிரியர்:
மறுக்கத்தான் செய்கிறது. 'தன்னெதிரி' போதும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது, புணர்ச்சியில் குறையில்லை. தன்னை எதிர்ப்பது, இரண்டாம் வேற்றுமைத் தொகை.

ஆய்வகப் பணியாளர்:
ஐயா, 'தன்னுடைய எதிரி' என்று ஆறாம் வேற்றுமையாகவும் விரியுமே! அப்படிப் பார்த்தால் கிருமியும் தன்னெதிரிதான். 'தன்னெதிர்ப்பான்' தெளிவு. அப்புறம், உட்கருவைக் 'கரு' என்று சுருக்கிவிடாதீர்கள். 15 வயதுப் பெண்ணின் அம்மா 'கரு எதிர்ப்பான்' என்று படித்தால் என்ன நினைப்பார்?

தமிழாசிரியர்:
கரு, கருத்து, கருவி மூன்றும் ஒரே வேரின என்பது என் துணிபு. உள்ளிருந்து ஒன்றை உருவாக்குவது கரு. அந்த அழகை ஏன் இழக்க வேண்டும்?

மருத்துவர்:
வேரை அப்புறம் பார்ப்போம் ஐயா. எனக்குக் கவலை, பாசிட்டிவ் என்பதற்கு எழுதும் 'நேர்மறை' என்ற சொல்தான். நல்ல செய்தி என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார், நோய் உறுதி என்று இன்னொருவர் அழுகிறார். முடிவில் 1:80 என்றால் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, 80 மடங்கு நீர்த்த பிறகும் நுண்ணோக்கியில் ஒளிர்வு தெரிகிறது, அவ்வளவே. நலமான பெரியவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு அந்த அளவில் தெரியும். 1:160-இல் சுமார் 5 பேருக்கு. நலமான பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. மூட்டு வீக்கம், முகத்தில் தடிப்பு, விடாத காய்ச்சல், சிறுநீரில் புரதம் என எதுவும் இல்லாதபோது இந்த ஒரு தாளை வைத்து லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) என்று சொல்ல முடியாது. 'தென்பட்டது' என்று எழுதுங்கள்.

ஒரு தாய்:
என் 14 வயது மகளுக்கும் இதே முடிவு வந்திருக்கிறது. இந்த மடல்களை எட்டிப் பார்த்தவள், "என் உடம்பே எனக்கு எதிரியாம்மா?" என்று கேட்டாள். 'எதிரி' வேண்டவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. 'தன்னெதிர்ப்பான் தென்பட்டது' என்று அனுப்புகிறேன். ஆய்வகத் தாளில் ஏ.என்.ஏ. என்றே இருக்கும் என்பதால் அதையும் பக்கத்தில் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:
குழந்தை கேட்டதற்குப் பிறகு 'எதிரி'யை நானும் விட்டுவிட்டேன். ஆனால் 'ஆன்' ஆண்பால் விகுதி. அழிப்பான் நிலைத்துவிட்டது என்பதால் இதுவும் சரியாகிவிடாது. என் வாக்கு 'தன்னெதிர்மம்'. அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.