சிறுநீரகம், உப்பு, பிரஷர்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மழைக்காலம்:
தங்கைக்கு அப்போது 27 வயது. மூன்று வகை பிரஷர் மாத்திரை போட்டும் மேல் அளவு 170க்குக் கீழே இறங்கவில்லை. டென்ஷன்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புதிதாகப் பார்த்த மருத்துவர் நெஞ்சோடு நிறுத்தாமல், தொப்புளுக்கு மேலே சற்றுப் பக்கவாட்டில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் உஸ்ஸ், உஸ்ஸ் என்று ஒரு சீறல். வலது சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருந்தது. தனக்கு ரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அந்தச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடாமல் சுரந்திருக்கிறது. அப்புறம் சங்கிலிதான்: ரெனினால் ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாகும், அது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டும், அது சோடியத்தைத் தேக்கி பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பலூன் வைத்து விரித்தார்கள், பிரஷர் இறங்கிவிட்டது. நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி அமெரிக்க ஆய்வாளர் கோல்ட்பிளாட் இதைக் காட்டியது 1934இல். இத்தனை காலம் கழித்தும் இளவயது பிரஷருக்கு வயிற்றில் ஸ்டெத் வைக்க ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

ஆற்றோரம்:
அப்பாவுக்கு சிறுநீரகம் கொஞ்சம் பழுது, ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை போடுகிறார். உறவினர் ஒருவர் அக்கறையோடு 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிக் கொடுத்தார். அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். ராமிப்ரில் ஆல்டோஸ்டிரோனைக் குறைக்கும், அது குறைந்தால் பொட்டாசியம் வெளியேறாது. படியேற முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஈசிஜி தாளில் கூடாரம் போல் கூர்கூராக நின்ற டி அலைகளை மருத்துவர் விரலால் தொட்டுக்கொண்டே போனார், ஒன்றும் பேசவில்லை. பொட்டாசியம் 6.9, ஆபத்தான அளவுக்கு அதிகம். நரம்பில் கால்சியம் ஏற்றிய சில நிமிடங்களில் மானிட்டரில் அந்தக் கூர் மழுங்கியதை நின்று பார்த்தேன். பாக்கெட்டில் 'இதயத்துக்கு நல்லது' என்று போட்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

உப்புக்கணக்கு:
ஆற்றோரம், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இதைப் படிப்பவர்கள் உப்பைக் குறைப்பதே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் 210 மில்லிமோல், அதாவது 12 கிராம் உப்புக்கு மேல். உலக சுகாதார அமைப்பு சொல்வது 5 கிராமுக்குக் கீழே.

சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர். அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரும்பகுதி முதல் குழலிலேயே முடிந்துவிடும், கடைசியில் மிஞ்சும் சில சதவீதத்தில்தான் ஆல்டோஸ்டிரோனின் ஆட்சி. அழுத்தம் லேசாக ஏறினாலே நல்ல சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே தள்ளிவிடும். அந்தத் திறன் மங்கியவருக்கு, அதே உப்பைத் தள்ள அழுத்தம் உயர்ந்தே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போடாதீர்கள், அவை சோடியத்தைத் தேக்கும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் உண்டு, அட்டையைப் படியுங்கள். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேசாதீர்கள். அளவு சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செங்காந்தள்:
உப்புக்கணக்கு, எல்லாவற்றையும் உப்பில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். என் கணவர் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிட்டார். ஒருநாள் விடிகாலை கட்டிலிலிருந்து காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தார், கால் அப்படியே தொங்கியது. பொட்டாசியம் 2.4, மிகவும் குறைவு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இடது அட்ரீனல் சுரப்பியில் சின்னக் கட்டி, ரெனின் கேட்காமலே ஆல்டோஸ்டிரோனைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1955இலேயே கான் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய். ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து விகிதம் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதை எழுதிக்கொடுக்க ஒருவர் கிடைக்கும்வரை மாத்திரையின் எண்ணிக்கைதான் கூடியது.

மழைக்காலம்:
செங்காந்தள், அந்த விகிதம் தங்கைக்கும் பார்த்தார்கள். அவளுக்கு ரெனினும் சேர்ந்தே உயர்ந்திருந்தது, அதனால்தான் தமனிப் பக்கம் போனார்கள். ஆற்றோரம், அப்பாவுக்கு ராமிப்ரில் தொடர்கிறதா? இரண்டு பக்கமும் தமனி சுருங்கியவர்களுக்கு அந்த வகை மாத்திரை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினை ரத்தத்தில் ஏற்றிவிடும். தொடங்கிய ஓரிரு வாரத்திலும், அளவைக் கூட்டும்போதும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.