முதல் பிரீமியத்தில் "பாதி நீங்க போடுங்க" என்கிறார்கள். ரினியூவலை என் ஜிபே-யில் வாங்கலாமா?

புது_ஏஜென்ட்_திண்டுக்கல்:

வணக்கம். ஏஜென்டுகளுக்கான ஐசி-38 தேர்வு முடித்து, ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாக நியமனக் கடிதம் வாங்கியாயிற்று. களத்தில் மூன்று விஷயம் இடிக்கிறது.

ஆண்டுப் பிரீமியம் 50,000 கட்டக்கூடிய ஒருவர், "வேற ஏஜென்ட் முதல் வருஷக் கமிஷனையே தர்றேங்கிறார், நீங்க பாதியாவது போடுங்க" என்கிறார். அடுத்தது, வயதானவர்கள் சிலர் ரினியூவல் பணத்தை என் ஜிபே-க்கு அனுப்பி "நீயே கட்டிருப்பா" என்கிறார்கள். கடைசியாக, பிளான் பற்றி ஒரு போஸ்டர் செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஆசை. இதில் எது விதிமீறல்? யாரைக் கேட்டாலும் "எல்லாரும் செய்றதுதானே" என்றுதான் பதில் வருகிறது.

விதிப்புத்தகம்:

முதலாவது கூடவே கூடாது. காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 41. பாலிசி எடுக்கவோ, புதுப்பிக்கவோ, தொடரவோ தூண்டுவதற்காகக் கமிஷனிலோ பிரீமியத்திலோ ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது, நேராகச் செய்தாலும் சுற்றிவளைத்துச் செய்தாலும், குற்றம். 2015 திருத்தத்தின்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். வாங்கிக்கொள்கிறவரும் அதே பிரிவில் மாட்டுவார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரொபோசல் ஃபார்மிலேயே இந்தப் பிரிவு அச்சாகியிருக்கும். பேரம் தொடங்கியதும் அந்தப் பக்கத்தைத் திருப்பி, "சார், நீங்க கையெழுத்துப் போடுற ஃபார்ம்லயே இருக்கு பாருங்க" என்று காட்டிவிடுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

சுற்றிவளைப்பது என்றால் முதல் தவணையை உங்கள் கிரெடிட் கார்டில் கட்டிவிடுவது, கைமாற்றுக் கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காமல் விடுவது, பாலிசி எடுத்தால் வெள்ளி விளக்கு என்பது எல்லாமே. நிறுவனம் தன் அட்டவணையில் வெளியிட்டிருக்கும் தள்ளுபடிக்கு மட்டும் தடை இல்லை. மாதத் தவணைக்குப் பதில் ஆண்டுத் தவணை என்றால் குறையும், காப்புத் தொகை ஒரு அளவைத் தாண்டினால் குறையும். அவர் கேட்கும் "குறைச்சுக் கொடுங்க"-வுக்கு அதை வைத்து இரண்டு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஜிபே விஷயம்தான் இதைவிட ஆபத்து, ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்வது. அதே சட்டத்தின் பிரிவு 64விபி சொல்வது: ஏஜென்ட் பிரீமியம் வசூலித்தால், கமிஷனைக் கழிக்காமல் முழுத் தொகையையும் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும், வங்கி, தபால் விடுமுறை மட்டும் கணக்கில் வராது. பிரீமியம் திருப்பித் தர வேண்டி வந்தாலும் பாலிசிதாரருக்கே நேராகத் தர வேண்டும், ஏஜென்ட் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

இது வசூலித்த பணத்தை எப்படிச் சேர்க்க வேண்டும் என்பது. வசூலிக்கும் உரிமையே உங்களுக்கு உண்டா என்பது தனிக் கேள்வி; அதற்கு நியமனக் கடிதத்தைப் பார்க்க வேண்டும். 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எல்ஐசி வழக்கு ஒன்று உண்டு. அரையாண்டுப் பிரீமியத்துக்கு ஏஜென்ட் பேரர் செக் (கொண்டுபோகிறவர் யாரும் பணமாக்கக்கூடியது) வாங்கிப் பணமாக்கிக்கொண்டார், உடனே கட்டவில்லை. பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். மறுநாள்தான் பணம் அலுவலகத்தில் கட்டப்பட்டது. வசூலிக்க ஏஜென்டுக்கு அதிகாரம் இல்லை, ஆகவே அவர் கையில் கொடுத்தது எல்ஐசி-யிடம் கொடுத்ததாகாது என்று தீர்ப்பு. பாலிசி லேப்ஸ்தான், அதாவது பிரீமியம் கட்டாததால் காலாவதி. எல்ஐசி-யில் பிரீமியம் பாயிண்ட் போல முறையான அனுமதி வாங்கி, கையோடு ரசீது தருகிறவர்கள் கதை வேறு. உங்கள் ஜிபே-யில் வந்த ஸ்கிரீன்ஷாட் எந்த ரசீதும் ஆகாது.

கணக்குப்பிள்ளை:

சட்டத்தை விடுங்கள், பாதியைக் கொடுப்பது கணக்குக்கே கட்டுப்படியாகாது. 50,000 பிரீமியத்துக்கு முதல் ஆண்டுக் கமிஷன் 25% என்று வைத்துக்கொள்வோம்: 12,500. பாதி 6,250 போய்விட்டது. ஆனால் நிறுவனம் உங்கள் பான் எண்ணில் காட்டுவது முழு 12,500. சட்டம் தடுத்திருக்கும் காரியத்துக்குச் செய்த செலவை வருமானத்தில் கழிக்க முடியாது, ஆகவே வரியும் 12,500-க்கே. 20% வரம்பில் இருந்தால் 2,500, செஸ் தனி. மிச்சம் 3,750. அதிலும் அவர் பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் ஃப்ரீ லுக்கில் (வேண்டாமென்றால் திருப்பித் தரும் காலம்) ரத்து செய்தால் நிறுவனம் 12,500-ஐயும் உங்களிடம் பிடித்துக்கொள்ளும். 6,250-ஐ அவரிடம் எப்படித் திருப்பிக் கேட்பீர்கள்?

2025 ஏப்ரலிலிருந்து, ஓராண்டில் வரும் மொத்தக் கமிஷன் 20,000 தாண்டினால் 2% டிடிஎஸ் (கமிஷனிலிருந்தே பிடிக்கும் வரி). பான் கொடுக்காவிட்டால் 20%. கமிஷன் மீதான ஜிஎஸ்டி ரிவர்ஸ் சார்ஜில் (சேவை தருகிறவருக்குப் பதில் பெறுகிறவர் கட்டும் முறை) நிறுவனத்தின் தலையில் விழும். வேறு வரிக்குரிய தொழில் இல்லையென்றால் இதற்காக நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டாம்.

களப்பணி:

போஸ்டரைப் பற்றி யாரும் சொல்லலையே. நிறுவனம், பிளான் பேர், பலன், பிரீமியம் இதில் எதைக் குறிப்பிட்டாலும் அது விளம்பரம். போடுறதுக்கு முன்னாடி நிறுவனத்தோட எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேணும். உங்க பேர், போன் நம்பர், "ஆயுள் காப்பீட்டு ஆலோசனைக்கு அணுகவும்" அளவுல நின்னா சிக்கல் இல்லை. நிறுவனமே ஏஜென்டுகளுக்குன்னு ஒப்புதல் ஆன போஸ்டர் அனுப்பும். அதையே போடுங்க, ஆனா கீழே உள்ள பொடி எழுத்தை வெட்டிடாதீங்க. பலன் விளக்கத் தாள்ல வர்ற 4%, 8% வருமான விகிதம் ரெண்டுமே கணக்குக் காட்ட வெச்ச அனுமானம். "8% உறுதி"ன்னு நீங்க ஒரு வரி சேர்த்தா தவறான விற்பனைக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.

நீங்க கேட்காத ஒண்ணு. புரொபோசல்ல வாடிக்கையாளர் மொபைல் நம்பர் இடத்துல ஏஜென்ட் தன் நம்பரைப் போடுற பழக்கம் இருக்கு, ஓடிபி சீக்கிரம் வாங்கிடலாம்னு. அப்புறம் சரிபார்ப்பு அழைப்பு, பிரீமியம் நினைவூட்டல், லேப்ஸ் எச்சரிக்கை எதுவும் அவருக்குப் போகாது. புகார் வந்தா முதல்ல பார்க்குறதே அந்த நம்பரைத்தான்.

சர்க்கரை, பிபி கேள்விகளுக்கும் "இல்லை"ன்னு நீங்களா டிக் போடாதீங்க. காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45-படி மூணு வருஷம் தாண்டினா ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, சரி. ஆனா லேப்ஸ் ஆகி ரிவைவல் பண்ணா (மறுபடி உயிர்ப்பிச்சா) அந்த மூணு வருஷம் ரிவைவல் தேதியிலேருந்து மறுபடி ஓடும். அதுக்குள்ள கிளைம் வந்து நிராகரிச்சா, குடும்பம் "ஏஜென்ட்கிட்ட சொன்னோமே"ன்னு உங்களைத்தான் காட்டும். வாடிக்கையாளர் தமிழ்ல கையெழுத்துப் போட்டா, கேள்விகளைப் படிச்சு விளக்கினதா எழுதின உறுதிமொழியில கையெழுத்து வாங்குற இடம் ஃபார்ம்லயே இருக்கு. அதைக் காலியா விடாதீங்க.

புது_ஏஜென்ட்_திண்டுக்கல்:

நன்றி சார். போஸ்டர் எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்த வயதானவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லை, கிளை 30 கிலோமீட்டர் தள்ளி. அவர்களுக்கு என்ன வழி?

விதிப்புத்தகம்:

வங்கிக் கணக்கு இருந்தால் ஆட்டோ டெபிட் ஆணைதான் நல்ல வழி. ஆணைப் படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்து வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை, பணம் அவர் கணக்கிலிருந்து நேராகப் போகும். படிவத்தின் கையெழுத்து வங்கியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் திரும்பி வருவது அதனால்தான். தவணைத் தேதிக்கு முன்பே கணக்கில் இருப்பு இருக்கச் சொல்லுங்கள்.

அது முடியாவிட்டால் செக். நிறுவனத்தின் பெயருக்கு, இரட்டைக் கோடு போட்டு, பின்பக்கம் பாலிசி எண் எழுதி. பேரர் செக், பெயர் எழுதாத செக் இரண்டையும் கையில் வாங்காதீர்கள். ரொக்கம் என்றால் அவரே அங்கீகரிக்கப்பட்ட வசூல் மையத்தில் கட்டி ரசீது வாங்கட்டும். 50,000 தாண்டினால் பான் கேட்பார்கள்.

வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ தங்கள் யுபிஐ ஆப்பில் காப்பீட்டுப் பிரீமியம் பகுதியில் பாலிசி எண்ணைப் போட்டுக் கட்டலாம். கட்டும் முன் திரையில் வரும் பாலிசிதாரர் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரின் ஆயுள் பாலிசிக்குப் பிள்ளைகள் கட்டினால் பிள்ளைகளுக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. பெற்றோரின் மருத்துவப் பாலிசி என்றால் பழைய வரி முறையில் கழிவு உண்டு, அதுவும் ரொக்கமாகக் கட்டாமல் இருந்தால்.