நாம் வளர்ந்த தெருவை எப்படிப் படம் எடுத்து வைப்பது? (மதுரை)

யானைக்கல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை, சிம்மக்கல் பக்கம். வேலை கோவையில், விடுமுறை கிடைத்தால் ஊருக்கு ஓடி வந்துவிடுவேன். வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கிறது, இல்லையென்றால் இல்லாமலே போயிருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டை மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டி 2021ல் திறந்தார்கள். மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் அதற்கு வெகு முன்பே மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துக்குள் இருந்த தையல்காரர்கள், பாத்திரக்கடை, வளையல்கடை, புத்தகக்கடை எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரம் என்கிற கடை வளாகத்தில். இது எதற்கும் எங்கள் வீட்டில் ஒரு படம் கிடையாது. கோபுரத்துக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்த குடும்பப் படங்கள் மட்டும் ஒரு ஆல்பம் நிறைய இருக்கின்றன.

சரி, இருப்பதையாவது எடுத்து வைப்போம் என்று ஆரம்பித்திருக்கிறேன். யானைக்கல் பழக்கடைகள், தெரு முனை இஸ்திரி வண்டி, சாயங்காலம் வரும் பருத்திப்பால் வண்டி, ரேஷன் கடை, டீக்கடை, நான் படித்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவர், இந்த மாதிரி. போன் இருக்கிறது, ஒரு பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமராவும் 35 எம்எம் லென்ஸும் இருக்கின்றன.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, படம் தெளிவாகத்தான் விழுகிறது, ஆனால் எனக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் சுக்கும் கருப்பட்டியும் மணக்கிறது, என் மனைவிக்கு அதில் ஒரு தள்ளுவண்டி மட்டும்தான் தெரிகிறது. எனக்குள் இருப்பது படத்துக்குள் வர என்ன செய்வது? இரண்டாவது, கேமராவைத் தூக்கினாலே கடைக்காரர்கள் "எந்தப் பேப்பர் தம்பி?" என்கிறார்கள், இல்லாவிட்டால் கார்ப்பரேஷனில் இருந்து ஆக்கிரமிப்பு அளக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, முன்னால் இழுத்துவைத்த பெஞ்சை உள்ளே தள்ளுகிறார்கள். அந்தப் பெஞ்சுதான் எனக்கு வேண்டியதே.

மாசிவீதி எழுதியது:

தம்பி, நல்ல வேலை, விடாதீங்க.

1858ல் லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு ராணுவ கேப்டன், மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்து படம் எடுத்தார். பிரிட்டிஷ் நூலகத் தொகுப்பில் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் கிடைக்கும். கோயில், நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம் என்று எதிர்பார்த்ததெல்லாம் இருக்கும். அவற்றோடு நம்ம விளக்குத்தூணும் இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்த படம். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடித் தெருக்களாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது, அந்த வேலையைப் பார்த்தவர்கள் பேரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ட்ரைப் எடுத்தபோது அது பழமையான சின்னம் கிடையாது, அண்மையில் நட்ட ஒரு விளக்குக் கம்பம். ஆயிரக்கால் மண்டபத்தை வைத்துக்கொண்டு கம்பத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதனால்தான் இன்று ஜிகர்தண்டா குடித்துக்கொண்டே அந்தத் தூணைப் பார்க்கிற எனக்கு 1858ல் அது எப்படி நின்றது என்று தெரிகிறது.

அந்தப் படங்களில் ஒரு குறை. ஊரில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் வெகுநேரம் வெளிச்சம் விழ வேண்டும், அந்த நேரத்தில் நடந்து போகிறவர் பதிய மாட்டார். அவருக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. வண்டியை எடுக்காதீங்க, வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களை எடுங்க. டம்ளரை ஆற்றுகிறவர், சில்லறை தேடுகிறவர், குழந்தையைத் தூக்கிவைத்து ஊட்டுகிற அம்மா. உங்கள் மனைவிக்கு அப்போது புரியும்.

அப்புறம், பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்க. இருபது வருஷம் கழித்து எல்லாரும் பார்க்கப்போவது அந்தப் பின்னணியைத்தான். எதிர்ச்சாரியில் நின்று, பக்கத்துக் கடை, ஈபி கம்பம், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர், விலைப்பலகை எல்லாம் தெரிகிற மாதிரி நேராக ஒன்று. கிட்டத்தில் போய் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் எந்த இடத்தை விட்டும் நகராதீங்க.

நூல்கண்டு எழுதியது:

புது மண்டபம் என்று பார்த்ததும் எழுதுகிறேன். எங்கப்பா அங்கே தையல்காரர். நான் சின்னப் பிள்ளையாக ஸ்கூல் விட்டு நேராக அங்கேதான் போவேன், அந்தக் கல் தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன், சித்திரை வெயிலில் கூட சில்லென்று இருக்கும்.

எங்கப்பா மெஷினில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று கூட எங்களிடம் இல்லை. இத்தனைக்கும் அந்த மண்டபத்தில் அவர் காலத்தில் கேமரா இல்லாத வெளிநாட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் தூணை எடுப்பார்கள், யாளியை எடுப்பார்கள், திருமலை நாயக்கர் சிலையை எடுப்பார்கள், அப்பாவிடம் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சைகை காட்டுவார்கள். அவரும் மெஷினை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார். எந்தெந்த நாட்டு ஆல்பத்திலோ அவர் முழங்கையும் மெஷின் சக்கரமும் ஓரத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பி நீங்க கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குப் போட்டோகிராபி தெரியாது. ஆனால் எனக்கு என்ன படம் வேண்டும் என்று சொல்ல முடியும். அழகர் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வேண்டுதல்காரர்கள் துணியோடு வந்துவிடுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் வெல்வெட்டில் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை, குல்லா, உருமா என்கிற தலைப்பாகை, எல்லாவற்றிலும் ஜிகினா வைத்துத் தைக்க வேண்டும். அப்பா ஜிகினாப் பட்டையைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் துணியைத் திருப்புவார். உதட்டோரத்தில் ஒரு மினுக்கல் ஒட்டியிருக்கும், ராத்திரி சாப்பிடும்போதும் போயிருக்காது. சுண்ணாம்புக் கட்டியை வைக்க யாளியின் காலிடுக்கில் ஒரு இடம் வைத்திருந்தார். அளவு நோட்டில் ஆளின் பெயர் எழுத மாட்டார், ஊர் பெயர் எழுதி "உயரமானவர்" என்று எழுதுவார். அந்த நோட்டைக் கூட யாரும் படம் எடுக்கவில்லை.

கடையை எடுக்கிறவர்கள் எல்லாரும் கடையின் முகப்பை எடுக்கிறார்கள். வேலை நடக்கிற கையை எடுங்க. சுண்ணாம்புக் கட்டி இருக்கிற இடத்தை எடுங்க. அந்த வீட்டுப் பிள்ளைகள் தேடுவது அதைத்தான்.

லைட்டிங் எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு நான் தொழில்நுட்பம் பேசுவது சின்ன விஷயம்தான், ஆனாலும் தேவைப்படும்.

35 எம்எம் போதும், அந்த கேமராவில் சாதாரணக் கண்பார்வைக் கோணத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். போனில் எடுத்தால் 0.5 அல்ட்ரா வைடு வேண்டாம், ஓரத்தில் இருக்கிற ஆட்களை இழுத்துவிடும், 1x ஜூமில் எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போங்க. எல்இடி லைட் போட்ட கடைக்குள் படத்தில் பட்டை பட்டையாக விழும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கோயிலுக்குள் முயற்சி பண்ண வேண்டாம், வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்து நடந்த 2018லேயே மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்துவிட்டது. தெருவில் எடுக்கவே வேலை நிறைய இருக்கிறது.

கடைக்காரர்கள் பயப்படுவது நியாயம்தான். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் டீ குடித்துவிட்டு "நான் இந்தத் தெருப் பையன், இன்னார் மகன்" என்று சொல்லிவிட்டு வாங்க. அப்புறம் எடுத்ததை ஸ்டூடியோவில் கொடுத்து 4க்கு 6 பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கையில் கொடுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்வதற்கும் பிரிண்டைக் கையில் கொடுப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. அந்த பிரிண்டைப் பார்த்து பக்கத்துக் கடைக்காரர் தானே கூப்பிடுவார், பெஞ்சும் தானாக வெளியே வரும். வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்க. பள்ளிப் பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கேயும் போடாதீங்க.

எல்லாவற்றையும் விட முக்கியம் குறிப்பு. பாரிஸில் அட்ஜே என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், 1927ல் இறந்துபோனார். கடை ஜன்னல், மாடிப்படி, தெரு வியாபாரி என்று முப்பது வருஷம் போல எடுத்தார். நெகட்டிவுக்கு எண் போட்டு, பிரிண்டின் பின்பக்கம் இது எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதி வைத்தார். அதனால் இன்றைக்கும் அந்த வாசலுக்கு முன்னால் போய் நிற்க முடிகிறது. நீங்களும் அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்க: தேதி, தெரு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, கடை எப்போதிலிருந்து இருக்கிறது, அவர் சொன்ன ஒரு வாக்கியம். அவர் பேச ஒத்துக்கொண்டால் போனிலேயே கொஞ்ச நேரம் குரல் பதிவு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி தேதி, இடம் எல்லாம் அழிந்துபோகும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஒரு காப்பி வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒரு காப்பி வேறு ஊரில் இருக்கிற யாரிடமாவது.

தரைடிக்கெட் எழுதியது:

எல்லாம் சரிதான், ஆனால் ஒன்று உறுத்துகிறது. நாம் எல்லாரும் போனதை, போகப்போவதை மட்டுமே எடுக்க வேண்டும் என்கிற மாதிரிப் பேசுகிறோம்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் இருந்தது, 1952ல் திறந்தது, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்த தியேட்டர். அதை இடித்துவிட்டார்கள், இப்போது ஜவுளிக்கடை. எனக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் மனசு கனக்கும். ஆனால் என் அக்கா பேத்திக்கு அந்த ஜவுளிக்கடைதான் மதுரை. தீபாவளிக்கு நகரும் படியில் ஏறி இறங்கி, முறுக்கு வாங்கித் தின்று, தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த இடம். அவளுக்கு அது நினைவு இல்லையா? நாற்பது வயதில் அவள் தேடும்போது அந்தப் படியில் நிற்கிற படம் ஒன்று இருக்க வேண்டாமா?

அதனால் புது பெரியார் ஸ்டாண்டையும் எடுங்க தம்பி. அங்கே தூணில் சாய்ந்துகொண்டு போனைப் பார்க்கிற காலேஜ் பிள்ளைகளை எடுங்க. குன்னத்தூர் சத்திரத்தில் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து தைக்கிறவர்களை எடுங்க. கறுப்பு வெள்ளை ஆக்க வேண்டாம், செபியா வேண்டவே வேண்டாம். அந்தப் பருத்திப்பால் வண்டியில் ஜிபே அட்டை தொங்குகிறது இல்லையா, அதை மறைத்து ஃபிரேம் வைக்காதீங்க. இந்த வருஷம் இது இப்படித்தான் இருந்தது என்று அந்த அட்டைதான் சொல்லும்.

யானைக்கல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தரைடிக்கெட் அண்ணே, உண்மையிலேயே அந்த அட்டையை விட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இனி எதிர்ச்சாரியில் இருந்து ஒன்று, கையைப் பார்த்து ஒன்று என்று போகிறேன். பிரிண்ட் யோசனை பிடித்திருக்கிறது, பழக்கடையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நூல்கண்டு அக்கா, நீங்கள் சொன்ன அந்தச் சல்லடம் தைக்கிற வேலை இப்போதும் நடக்கிறதா? எடுக்க விடுவார்களா? உங்கள் அப்பாவோடு இருந்தவர்கள் யாராவது இன்னும் தைக்கிறார்களா?

நூல்கண்டு எழுதியது:

நடக்கிறது தம்பி. அப்பாவிடம் தொழில் கற்றவர் ஒருவர் சத்திரத்தில் கடை வைத்திருக்கிறார், எனக்கு அண்ணன் முறை, நான் சொல்லிவைக்கிறேன். பங்குனிக் கடைசியில் வந்தால் வெல்வெட் வெட்டுகிறதிலிருந்து பார்க்கலாம், கொடியேறிவிட்டால் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. காலையில் பத்து மணிக்கு மேல் வாங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயில் கூட்டத்தில் நின்று பேசவே முடியாது. பழைய அளவு நோட்டு எதையும் அவர் தூக்கிப்போட்டிருக்க மாட்டார், மறக்காமல் கேளுங்க, ஒவ்வொரு பக்கமாக எடுத்துக்கொடுத்தால் எனக்கும் ஒரு காப்பி.