தாய்ப்பத்திரத்தில் இருந்த அந்த வரி

அமெரிக்காவின் மினியாபோலிஸிலிருந்து:

ஊரில் வீடு வாங்கினால் வில்லங்கம் பார்ப்போமே, அதே பழக்கத்தில் இங்கும் என் வீட்டின் பழைய பத்திரங்களைத் தேடி எடுத்தேன். 1920களில் எழுதிய ஒன்றில் இப்படி ஒரு நிபந்தனை: இந்த மனையை வெள்ளையர் அல்லாத யாருக்கும் விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. நான் குடியிருக்கும் வீடு அது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968 வீட்டுவசதிச் சட்டம் முழுவதும் தடை செய்தது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை வெள்ளைக் குடும்பங்கள் இந்தத் தெருவில் வீடு வாங்கி, விலை ஏறி, பிள்ளைகளுக்கு விட்டுப் போய்விட்டன. கருப்பினக் குடும்பங்களுக்கு அந்தச் சொத்து சேரவே இல்லை. அந்த நிபந்தனை செத்துவிட்டது, அது உண்டாக்கிய இடைவெளி அப்படியே இருக்கிறது.

மினசோட்டாவில் 2019 முதல் உரிமையாளரே அந்த நிபந்தனையை விடுவித்துப் பதிவு செய்யலாம். ஜஸ்ட் டீட்ஸ் என்ற அமைப்பின் தன்னார்வ வழக்கறிஞர்கள் இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். பழைய வரியை அழிப்பதில்லை, அதை மறுக்கும் பத்திரம் ஒன்று கூடவே சேர்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. என் மகள் இரண்டையும் படிக்கட்டும்.

அப்புறம், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் ப்ரெஜுடிஸ் திட்டத்தில் இத்தகைய பத்திரங்களைப் படித்துக் குறிக்க ஆள் தேவை. சட்டம் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் உட்கார்ந்து படிக்கிறோம்.

அட்லாண்டாவிலிருந்து:

அண்ணா, இது பழங்கதை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கருப்பினத்தவர், ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டுக் கடனை மாற்றி எடுக்கும் ரீஃபைனான்ஸுக்காக வீட்டை மதிப்பிட வந்த அப்ரைசர் அவர் வீட்டுக்குப் போட்ட மதிப்பு, மூன்று மாதம் முன்பு எங்கள் வீட்டுக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு. இரண்டும் ஒரே பிளானில் கட்டிய வீடுகள். எங்கள் அறிக்கையின் நகலைக் கொடுத்து, மறுமதிப்பீடு கேட்கச் சொன்னேன்.

இரண்டாவது அப்ரைசர் வரும் நாள் காலையில், வீட்டில் இருப்பது கருப்பினத்தவர் என்று தெரியாமல் இருக்க, அக்கா இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். உள்ளே கணவரின் ராணுவப் படம், பேத்தியின் பட்டமளிப்புப் படம். "மத்தியானம் வரை இங்கே இருக்கட்டும்" என்றார். வாங்கி வைக்கும்போது கை நடுங்கியது. இந்த முறை எங்கள் வீட்டை ஒட்டிய மதிப்பே வந்தது. மத்திய வீட்டுவசதித் துறையில் புகார் கொடுத்தோம், நான் சாட்சிக் கடிதம் எழுதினேன். நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், தெரியாமல் காலம் கடத்திவிடாதீர்கள்.

சிகாகோவிலிருந்து:

நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வந்த ஒரு குடும்பம் வீடு பார்க்க எந்த ஏரியா நல்லது என்று கேட்டது. "சவுத் சைடு வேண்டாம், கருப்பு ஏரியா" என்று ஒருவர் பதில் போட்டார். முன்பெல்லாம் பேசாமல் கடந்து போவேன், அது தப்பு. 1930களில் கருப்பினத்தவர் வாழ்ந்த இடங்களுக்கு அரசு நிறுவனமே சிவப்பு வண்ணம் அடித்து, கடனுக்கு ஆபத்தான பகுதி என்று காட்டிய வரைபடத்தைப் பகிர்ந்தேன். நாம் இந்த நாட்டுக்குள் வர வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கருப்பின மக்கள் அடி வாங்கிப் போராடிய அதே காலத்தில் வந்தது என்பதையும் எழுதினேன். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். அந்தக் குடும்பம் போன் செய்தது. சனிக்கிழமை அதே சவுத் சைடில் இருக்கும் பிரான்ஸ்வில்லில் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம்.