இரண்டாம் விருப்பத்தை எண்ணும் முறை: என்ன சொல் போடலாம்?

நண்பர்களே, பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை எழுதுவார். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்குப் பகிர்வார்கள். ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவைக்கு 1918 முதல் இதுதான். 2011இல் பிரிட்டன் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றதும் இதைத்தான். 'மாற்று வாக்கு' சரியா?
– மொழிபெயர்ப்பாளர், கோவை

> 'மாற்று வாக்கு' சரியா?

கள்ள ஓட்டு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்! மாநிலங்களவைத் தேர்தலின் 'ஒற்றை மாற்று வாக்கு' (வரிசை எழுதிப் பல இடங்களுக்கு ஆள் எடுக்கும் முறை) வேறு இருக்கிறது. அங்கே மாற்று பெயரா, வினைத்தொகையா? 'மாற்றுப்பாதை' என்றால் ஒற்று மிகுந்து காட்டிக்கொடுத்துவிடும். வாக்கு வகரத்தில் தொடங்கித் தப்பித்துக்கொள்கிறது. தானாக மாறுவதென்றால் 'மாறு வாக்கு' அல்லவா வேண்டும்?
– தமிழாசிரியர், தஞ்சை

இலங்கையில் எங்களிடம் 'விருப்பு வாக்கு' இருக்கிறதே. ஆனால் ஒரே பெயரில் இரண்டு சங்கதி. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி) போட்டு, அதே கட்சியில் மூன்று பேர் வரை தெரிவுசெய்வதும் விருப்பு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலில் 2, 3 எழுதுவதும் விருப்பு வாக்கு. 2024இல் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம்தான் வந்ததால், முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். அங்கே முதல் இருவரைத் தவிர எல்லாரையும் ஒரேயடியாக நீக்கிவிடுவார்கள், ஒவ்வொருவராக அல்ல.
– யாழ்ப்பாணம்

வாக்கே வடசொல். 'குடவோலை' என்று உத்திரமேரூரில் கல்லில் வெட்டியிருக்கும்போது 'விழைவோலை' என்றால் என்ன குறை?
– தனித்தமிழ் அன்பன், மதுரை

ஐயா, குடவோலை குலுக்கல். விவரமறியாச் சிறுவன் கைவிட்டு எடுத்த ஓலையில் யார் விருப்பம் இருக்கிறது? மேலும் இப்போது நம்மூர்ப் பொதுத்தேர்தலில் சீட்டுகூட இல்லை, பொத்தான்தான்.
– தஞ்சை

சரி, 'விருப்ப வரிசை வாக்கு' என்று போடுகிறேன். நான்கு பேர் தனிமடலில் ஒத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாண அக்கா சொன்ன வேறுபாட்டை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.
– கோவை

தம்பி, நான் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை எழுதுவது மாநிலங்களவைத் தேர்தலிலும் உண்டு. பெயர் எண்ணும் முறையிலிருந்து வர வேண்டும். 'நீக்கி எண்ணல்' என்கிறேன். அதுவும் பிடிக்காவிட்டால் 'ஒற்றை மாற்று வாக்கு' என்ற பழைய பெயரே இருக்கட்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் இடம் ஒன்றே. ஆகவே ஒற்றை மாற்று வாக்கும் நீங்கள் சொல்லும் முறையும் கணக்கில் ஒன்றுதான். 1969இல் வி.வி.கிரி வென்றது இரண்டாம் விருப்பத்தை எண்ணிய பிறகுதானே? அதற்கு ஏன் இரண்டு பெயர்?
– தஞ்சை